மலைச்செண்பகத்தில் தொங்கிய பதினோரு பைகள்

கொடைக்கானலுக்குப் போகிறோம், ஏரியும் படகும் பார்த்தாகிவிட்டது, மரம் பார்க்க எங்கே போகலாம், எந்த மாதம் போகலாம் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நான் மரம் பார்க்கவென்று போனவள் இல்லை. 1972-ஆம் வருடம் ஆனி மாதத்தில் ஒரு தடவை, அதே வருடம் கார்த்திகையில் இன்னொரு தடவை போனேன். இரண்டு தடவையும் ஒரே ஒரு மரத்தைத்தான் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தேதியிலும் நேரத்திலும் பிழை இருக்காது.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. நாங்கள் அப்போது காரைக்குடியில் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு இரும்புக்கடையில் வேலை. அவருடைய அக்காள், என் நாத்தனார், கண்டரமாணிக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த வருடம் சித்திரையில் அவளுடைய மூத்த பையனுக்குக் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், தாய்மாமன் பெண்டாட்டி சீர்த்தட்டைத் தூக்கி வர வேண்டும். அதுதான் எங்கள் பக்கத்து முறை. நான் பச்சரிசி, வெல்லம், தோடு எல்லாம் அடுக்கித் தட்டைக் கையில் எடுத்துவிட்டேன். வாசலுக்கும் பந்தலுக்கும் நடுவில் நாத்தனார் வந்து நின்றாள்.

"தட்டை நீ தூக்க வேணாம். சின்னம்மாகிட்டக் குடுத்துட்டுத் தள்ளி நில்லு. நல்ல காரியம், கை ராசி பாக்கணும்ல."

அன்று அவள் கட்டியிருந்தது அரக்குக் கட்டம் போட்ட சேலை. மணி பத்தே கால். அவள் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

வீடு வந்த பிறகு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அவருக்கே அந்த வீட்டு அமைதி தாங்கவில்லை போல. ஒரு நாள் கடையிலிருந்து வந்து, "கொடைக்கானல் போயிட்டு வருவமா? ஆரோக்கியம் அங்கதான் இருக்கான்" என்றார். ஆரோக்கியம் முன்பு இரும்புக்கடைக்குப் பக்கத்து மரக்கடையில் வேலை பார்த்தவர். பிறகு மலையில் ஒரு நாற்றுப் பண்ணைக்குக் காவல்காரராகப் போய்விட்டார். தங்க இடம் உண்டு என்பதால் நானும் சரி என்றேன்.

காரைக்குடியில் காலை 5.10-க்குப் பஸ். திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை எண்பத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு இரண்டு ரூபாய் தொண்ணூறு காசு. 8.05-க்கு மதுரை. பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். பெயர் சொல்ல மாட்டேன். சட்னி கேட்டதற்கு அந்த ஆள், "முன்னாடியே ஊத்தியாச்சும்மா" என்றான். ஊற்றவில்லை. 9.15-க்குக் கொடைக்கானல் பஸ், நூற்றிருபது கிலோமீட்டர், நாலே கால் ரூபாய். வத்தலக்குண்டில் கால் மணி நேரம் நிறுத்தினார்கள். அதற்கப்புறம் மலை ஏற்றம்.

ஏறுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எலுமிச்சம்பழத்தை அடிவாரத்திலேயே முகரத் தொடங்காதீர்கள். என் வீட்டுக்காரர் முதல் வளைவிலேயே ஒன்றைப் பிழிந்து முடித்துவிட்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், "அண்ணே, இன்னும் முக்கால் மலை கெடக்கு. மிச்சப் பழத்தைப் பத்திரமா வச்சுக்கங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. வழியில் ஊத்து என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் காற்று மாறிவிட்டது. ஜன்னலோரம் நான்தான் உட்கார்ந்திருந்தேன். சித்திரைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு எதையாவது பார்க்கத் தோன்றியது.

2.20-க்கு இறங்கினோம். ஆரோக்கியம் வந்திருந்தார். அவர் வீடு பஸ் நிலையத்திலிருந்து இரண்டு மைல். ஊரிலிருந்து கிளம்பும்போது பக்கத்து வீட்டுச் செண்பக மரத்தில் நாலு பூ பறித்து வாழை இலையில் சுற்றி எடுத்து வந்திருந்தேன், நம் ஊர் மஞ்சள் செண்பகம். அந்தக் குளிரில் மறுநாள் காலையிலும் வாடாமல் இருந்தது. தலைக்கு வைத்துக்கொண்டேன். இந்தப் பூவைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

மறுநாள் காலை ஏழரைக்குக் கிளம்பி, ஆரோக்கியம் வேலை பார்க்கும் பண்ணை இருக்கிற சோலைக்கு நான்கு மைல் நடந்தோம். சோலை என்றால் மலை மடிப்பில் நெருக்கமாக நிற்கும் காடு. பகலிலும் ஈரமாக, இருட்டாக இருக்கும். மூன்று மைல் தாண்டியதும் என் செருப்பு வார் அறுந்தது. "இங்குட்டே உக்காரு தங்கச்சி, பண்ணையில கம்பி இருக்கும், எடுத்தாரேன்" என்று ஆரோக்கியம் போனார். பீடி பிடிக்க வேண்டும் என்பதற்காக வீட்டுக்காரரும் கூடவே போனார்.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு மரம். இலை தடிப்பாக, பளபளவென்று. அதன் கிளைகளில் சின்னச் சின்ன வெள்ளைத் துணிப்பைகள் தொங்கின. எண்ணினேன். பதினொன்று. எல்லாம் சிவப்பு நூலால் சுருக்கிக் கட்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை இல்லாதவர்கள் கோயில் மரத்தில் துணித்தொட்டில் கட்டுவார்கள். சேலையைக் கிழித்து, உள்ளே ஒரு கூழாங்கல்லைப் பிள்ளையாக வைத்துக் கட்டுவது. நானே ஏழு மரத்தில் கட்டியிருக்கிறேன். இந்தப் பைகளைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த மலையிலும் பதினோரு பெண்கள்! போதாததற்கு மரத்தில் ஒரு மூங்கில் ஏணி வேறு சாத்தியிருந்தது. வருகிற பெண்கள் ஏறிக் கட்டுவதற்கென்றே யாரோ புண்ணியவான் வைத்திருக்கிறான் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

முந்தானை ஓரத்தைக் கிழித்தேன், கல் ஒன்று பொறுக்கினேன், ஏறினேன். கட்டும்போது ஒரு ஆசை. மலைக்காரப் பெண்கள் உள்ளே என்ன வைக்கிறார்கள்? கல்லா, மரப்பொம்மையா? கைக்கு எட்டிய பையின் நூலை அவிழ்த்துப் பார்த்தேன்.

உள்ளே கிளையோடு ஒரு பூ. பூ என்று சொல்ல முடியாது. இதழ் இல்லை, சுற்றிப் பொடியோடு நிற்கும் கேசரம் இல்லை, எல்லாவற்றையும் யாரோ பிடுங்கியிருந்தார்கள். நடுவில் பச்சைக் காம்பு மட்டும், நெல்மணி ஒட்டினாற்போல. அந்த மொட்டைக் காம்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்த மகராசி, எவ்வளவு மனம் வெறுத்து இப்படிப் பிடுங்கி வைத்தாளோ! என் தலையிலிருந்த செண்பகத்தில் ஒன்றை எடுத்து அந்தக் காம்புக்குத் துணையாக உள்ளே வைத்து, அதன் மேல் நன்றாக அழுத்தி, நூலைக் கட்டினேன். அதற்கு மேலேயே என் துணியையும் கட்டினேன்.

"ஏய்! யாரது? எறங்கு! கையை எடு, எறங்கு முதல்ல!"

கீழே ஒரு அம்மாள். நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் காக்கிக் கோட்டு, தலையில் மப்ளர், தோளில் ஒரு டப்பா. கோயில் பொறுப்பாளர் என்று நினைத்துவிட்டேன். வாயில் என்ன வந்ததோ அதைக் கேட்டேன்.

"உண்டியல் எங்கம்மா இருக்கு?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், என் கிழிந்த முந்தானையைப் பார்த்தார், கிளையில் தொங்கிய என் தொட்டிலைப் பார்த்தார். பிறகு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். "எந்த ஊரு நீ?" என்றார். காரைக்குடி என்றேன். "ரப்பே, நம்ம ஊருப் பக்கம்தானா? நான் இளையான்குடி. வேற யாரு இப்படிச் செய்வா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பெயர் ஜமீலா. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரப் பாடம் நடத்துகிறவர்.

இறங்கி, செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தலைப்பூவை உள்ளே வைத்தேன் என்றதும் எழுந்தே விட்டார்.

"எந்தப் பூ? காட்டு." மீதிப் பூவை எடுத்து முகர்ந்து பார்த்தவர் சிரித்தாரே ஒரு சிரிப்பு! "அடிப்பாவி, இந்தப் பூவோட மகரந்தப் பொடியைத்தான் நான் ஐஸ் டப்பாவுல வச்சு மதுரையிலேருந்து தூக்கிட்டு வந்தேன். நீ தலையில வச்சே கொண்டாந்துட்ட!"

அப்புறம் அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி சொல்கிறேன். அந்த மரம் மலைச்செண்பகம். பூ வெள்ளை, இலை தடிப்பு. நம் ஊரில் இருப்பது மஞ்சள் செண்பகம். இரண்டுக்கும் எத்தனையோ லட்சம் வருடத்துக்கு முன்னால் பாட்டன் ஒருத்தன்தான். ஒரு கிளை மேலே குளிருக்குப் பழகிவிட்டது, இன்னொரு கிளை கீழே வெயிலுக்குப் பழகிவிட்டது. இன்றைக்கு இரண்டையும் சேர்த்துவைத்தால் காய் பிடிக்குமா என்று பார்க்கிறார். மலை நடுவாந்தரத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட மாதிரி சில மரங்களைப் பார்த்தாராம், அவை கலப்பில் பிறந்தவையோ என்று அவருக்குச் சந்தேகம்.

"அரசுக்கும் வேம்புக்கும் கலியாணம் செஞ்சு வைக்கிறோமே டீச்சர், அதுகளுக்கு ஏன் காய் கலக்கலை?"

"அது ரெண்டும் ரொம்பத் தூரம். சொந்தமே கிடையாது."

"எங்கள்ல ஒரே பாட்டன் வழி வந்தாப் பங்காளி. கட்டவே கூடாது. மரத்துல பங்காளிதான் கட்டணுமா?"

"அப்படியும் இல்லை. தன் பூவோட பொடியே தன் மேல விழக்கூடாதுன்னுதான் கேசரத்தை எல்லாம் பிடுங்கிட்டேன். ரொம்பக் கிட்டவும் கூடாது, ரொம்பத் தூரமும் கூடாது. மாமன் மகன் தூரம்னு வச்சுக்கயேன்."

அது எனக்குப் பளிச்சென்று விளங்கியது. இன்றைக்கும் யாராவது ஒட்டு, கலப்பு என்றால் எனக்கு மாமன் மகன் தூரம்தான் ஞாபகம் வரும்.

"எந்தப் பையை அவிழ்த்த?" என்றார். ஏணிக்கு வலதுபக்கம் மூன்றாவது கிளை, நுனியிலிருந்து இரண்டாவது பை என்றேன். நோட்டில் பார்த்து, "பதினொண்ணாம் நம்பர். இனி இது கணக்குல சேராது" என்றார்.

எனக்கு நாத்தனாருடைய அரக்குக் கட்டச் சேலை கண் முன்னால் வந்து நின்றது. பிள்ளை கேட்டு வந்த இடத்தில் ஒரு பூவையும் கெடுத்துவிட்டேனே. "என் கை பட்டதால காய்க்காதா டீச்சர்?" என்றேன். ஆறு வருடமாக யாரிடமும் கேட்காத கேள்வி அது. மரத்துக்காகக் கேட்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"காய்க்காதுன்னு யாரு சொன்னா? காய்ச்சா, எதனால காய்ச்சதுன்னு என்னால சொல்ல முடியாது. காய்க்காட்டி, எதனாலன்னும் சொல்ல முடியாது. அதனால கணக்குல வராது. அவ்வளவுதான். உன் பேரு என்ன?"

"வெள்ளையம்மா."

நோட்டில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். மற்றதெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அந்த வரி மட்டும் தமிழில்: 'பதினொன்று. தெரியாது. வெள்ளையம்மாள்.' என் துணியை அவர் அவிழ்க்கவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

கம்பியோடு வந்த வீட்டுக்காரர் கிழிந்த முந்தானையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அது அவர் குணம். எனக்கு அவர்மீது கோபம் இல்லாத சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

ஊர் திரும்பியும் அந்தப் பையே நினைப்பு. சோறு வடிக்கும்போது பதினொன்றாம் நம்பர், துணி துவைக்கும்போது பதினொன்றாம் நம்பர். அது காய்த்தால் என் கை நல்ல கை. விழுந்தால் நாத்தனார் சொன்னது சரி. மனதுக்குள் அப்படி ஒரு பந்தயம் கட்டிவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி கடைசியில், ஆரோக்கியத்திடம் விலாசம் வாங்கி டீச்சர் எழுதிய கார்டு வந்தது. 'கார்த்திகை ஐந்தாம் தேதி பார்க்கப் போகிறேன். வருகிறாயா?' என் பெயருக்கு வந்த முதல் தபால். எழுத்துக் கூட்டி நானே படித்தேன். வீட்டுக்காரருக்குக் கடையில் லீவு இல்லை. "நீ போயிட்டு வா, டீச்சரம்மா மதுரையில நிப்பாகள்ல" என்று அதே 5.10 பஸ்ஸில் ஏற்றிவிட்டார். 1972-ல் எங்கள் தெருவில் பெண்பிள்ளை தனியாக மதுரைக்குப் பஸ் ஏறியது நான்தான் முதல். யார் யார் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

கார்த்திகையில் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். மழையில் ஊத்துக்கு மேலே மண் சரிந்து இரண்டே கால் மணி நேரம் பஸ் நின்றது. கையில் சாப்பாடு கொண்டுபோங்கள். நான் கட்டிப்போன புளிச்சோற்றை டீச்சரும் நானும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சரிவில் ஒரு மரத்தைக் காட்டி, "நான் சொன்ன நடுவாந்தர மரம் அதுதான்" என்றார். பனியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அன்று பொழுது போய்விட்டது. மறுநாள் காலை எட்டரைக்கு மரத்தடியில் நின்றோம். துணிப்பைகளை ஆரோக்கியம் எப்போதோ எடுத்துவிட்டு வலைப்பைகளாக மாற்றியிருந்தார். என் தொட்டில் நிறம் வெளுத்து அங்கேயே தொங்கியது. ஏணியில் டீச்சர் ஏறினார், நான் பிடித்துக்கொண்டேன்.

"என்னோடதை முதல்ல பாருங்க டீச்சர்."

வலையை விரித்துப் பார்த்தார். கீழே நீட்டினார். கறுத்துக் காய்ந்த குச்சி ஒன்று, விரல் பட்டதும் உதிர்ந்தது.

நான் ஏணியை விடவில்லை. விட்டால் அவர் விழுந்துவிடுவார். ஆனால் எனக்கு எதுவும் தெரியவில்லை, மரம் கிளை எல்லாம் கலங்கிப் போனது. "சரிதான் டீச்சர். என் கை அப்படித்தான்" என்றேன்.

அவர் அடுத்த வலையைப் பார்த்தார். "ஒண்ணாம் நம்பர், விழுந்திருச்சு." அடுத்தது. "ரெண்டு, விழுந்திருச்சு." ஏணியை மூன்று இடத்துக்கு மாற்றி வைத்தோம். மூன்று, நான்கு, ஐந்து என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒன்பதாம் நம்பரில் மட்டும் நிறுத்தினார். கோணலாக ஒரு காய்க்கொத்து. நான்கே நான்கு அறை தடித்திருந்தது. ஒன்று வெடித்து உள்ளே சிவப்பாக விதை தெரிந்தது. பத்தாம் நம்பரும் விழுந்துவிட்டிருந்தது.

இறங்கி வந்து கைகளைக் கோட்டில் துடைத்தார். என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பத்துப் பூ. நானே பொடி தடவி, நானே கட்டினது. பதினாலு வருஷமா இதுதான் என் வேலை. அதுல ஒன்பது பூ விழுந்திருச்சு. இந்தக் கையை என்னம்மா செய்யலாம்? நீயே சொல்லு. வெட்டிப் போட்டுறவா?"

நான் அவர் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் பழுப்புக் கறை. என் வாயிலிருந்து வந்தது, "ஐயோ, கை என்ன டீச்சர் பண்ணுச்சு?"

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. டீச்சர் டப்பாவைத் திறந்து ஒன்பதாம் நம்பர் விதைகளை எண்ணச் சொல்லி என் உள்ளங்கையில் கொட்டினார். ஏழு விதை. என் கையில்தான் எண்ணினோம்.

1973 மாசியில் நாத்தனாருடைய இரண்டாவது பையனுக்குக் காதுகுத்து. கண்டரமாணிக்கத்தில் அதே பந்தல், அதே இடம். நான் தட்டை எடுத்தேன். அவள் வந்து நின்றாள். இந்தத் தடவை பச்சைச் சேலை.

"போன தடவையே சொன்னேன்ல..."

"டீச்சர் கையிலயே பத்துக்கு ஒண்ணுதான் மதினி புடிச்சுச்சு. வழியை விடுங்க."

அவளுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. யார் டீச்சர், என்ன பத்து என்று விழித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் நான் பந்தலுக்குள் போய்விட்டேன். தாய்மாமன் மடியில் பிள்ளை, தாய்மாமன் பெண்டாட்டி கையில் தட்டு. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்க.

அந்த ஏழு விதையில் மூன்று முளைத்தது. மறு வருடம் டீச்சர் தபாலில் ஒரு இலை அனுப்பினார். தாய்மரத்து இலை அளவுக்குத் தடிப்பும் இல்லை, நம் ஊர் இலை அளவுக்கு மெலிவும் இல்லை. காய் பிடித்ததால் மட்டும் கலப்பு என்று சொல்லிவிட முடியாது, இலை பார்த்தால்தான் ஓரளவு நிச்சயம் என்று எழுதியிருந்தார். 1975 ஆவணியில் எனக்கு மகள் பிறந்தாள். தொட்டில் கட்டியதால் என்றார்கள், மருந்தால் என்றார்கள். ஒன்பது வருடம் ஏன் இல்லை, பிறகு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. டீச்சர் இருந்தால் 'தெரியாது' என்றுதான் நோட்டில் எழுதுவார், பக்கத்தில் என் பெயரோடு.

இப்போது போகிறவர்களுக்கு. நான் சொன்ன கட்டணமெல்லாம் மறந்துவிடுங்கள். காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடைக்கானலில் இருக்கலாம். மலைச்செண்பகம் நான் ஆனியில் பூவோடு பார்த்தேன், கார்த்திகையில் காயோடு பார்த்தேன். பூ வேண்டுமென்றால் ஆனி, மழைக்குப் பயமென்றால் கார்த்திகை வேண்டாம். சோலைக்குள் போக இப்போது அனுமதி வாங்க வேண்டும், வாங்கிக்கொண்டு போங்கள். நல்ல செருப்புப் போடுங்கள். இறங்கும்போது ஊத்துப் பக்கம் பஸ் மெதுவாகப் போகும். பனி இல்லாமல் இருந்தால் சரிவில் அந்த நடுவாந்தர மரம் தெரிகிறதா என்று எனக்காகப் பாருங்கள். நான் இன்றுவரை பார்த்ததில்லை.

கிளையில் பை தொங்கினால் அவிழ்க்காதீர்கள். தெரியாமல் அவிழ்த்துவிட்டால், எந்தக் கிளை, எத்தனையாவது பை என்று ஞாபகம் வைத்துக்கொண்டு உரியவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பூ விழுந்தாலும் விழும். விழுந்தால் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.